நிறுத்துனா தாரேன், இந்தா வச்சுக்க

கரிசல் வீடுகளில் பெரியவர்கள் குழந்தையிடம் சொல்லும் இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஒன்று: "அழுகைய நிறுத்துனா முட்டாய் தாரேன்யா." இன்னொன்று: "இந்தா, இத வச்சுக்க." கோவில்பட்டிப் பக்கம் அந்த முட்டாய் பெரும்பாலும் கடலைமிட்டாய்தான். இரண்டு வாக்கியத்திலும் பண்டம் ஒன்றே, அது கை மாறும் நேரம்தான் வேறு. முதலாவதில் குழந்தை ஏதாவது செய்து காட்டணும், அப்புறம்தான் பண்டம். இரண்டாவதில் பண்டம் முதலிலேயே கைக்கு வந்துவிடுகிறது, எந்த நிபந்தனையும் இல்லாமல்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கையை உதறுவது, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடுவது, தட்டைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது, சாமான்களை வரிசையாக அடுக்குவது. சிலருக்கு இது கையைக் கடிப்பது, கண்ணைக் குத்திக்கொள்வது என்று காயம்வரை போகும். இந்தச் செயல்களைக் குறைக்க நடத்தை சிகிச்சை, அதாவது பிஹேவியர் தெரபி, அறுபது வருஷத்துக்கு மேலாக முயன்றுவருகிறது. குழந்தைக்குப் பிடித்த பொருள்தான் தொடக்கம் முதலே அதன் முக்கியமான கருவி. ஆனால் அந்தப் பொருளை எப்படிக் கொடுப்பது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது வாக்கியத்துக்கு நடந்துவந்த கதையாகச் சொல்லலாம். முழுசாக வந்து சேர்ந்ததா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

*

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கப்படுகிறது. அதில் முதல் குழந்தை டொனால்ட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரன். கையில் கிடைத்த உருண்டையான எதையும் தரையில் சுற்றிவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பான் என்று கானர் பதிவு செய்கிறார். அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார் என்பது கவனிக்கவேண்டியது. பின்னால் வந்த பல ஆய்வுக் கட்டுரைகளில் சுற்றுவது மட்டும் நோய்க்குறியாகப் பட்டியலில் தங்கிவிட்டது, சந்தோஷம் விடுபட்டுப்போனது.

1961-ல் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டர், மரியன் டிமையர் என்ற இருவர் இண்டியானாவில் ஓர் அறையை அமைத்தார்கள். பி.எஃப். ஸ்கின்னரோடு சேர்ந்து புறாக்களின் நடத்தையை ஆராய்ந்தவர் ஃபெர்ஸ்டர். அந்த அறைக்குள் காசு போட்டால் இயங்கும் இயந்திரங்கள் இருந்தன. ஒன்று மிட்டாய் கொடுக்கும், ஒன்று பாட்டுப் போடும், ஒன்றில் பொம்மை ரயில் ஓடும். குழந்தை ஒரு விசையை அழுத்தினால் காசு விழும், காசைப் போட்டால் பிடித்தது கிடைக்கும். இந்தக் குழந்தைகளால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்று அன்றைக்குப் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். முடியும் என்று அந்த அறை காட்டியது. அது பெரிய விஷயம்தான். அதே நேரத்தில் குழந்தைக்கும் அதற்குப் பிடித்த பொருளுக்கும் நடுவில் ஒரு காசுப்பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

1964-ல் வந்த ஒரு கட்டுரையில் டிக்கி என்று பெயரிடப்பட்ட மூன்றரை வயதுப் பையன் வருகிறான். கண்புரைக்காக லென்ஸை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும், அவனோ கண்ணாடியைத் தொடவே விடமாட்டான். மான்ட்ரோஸ் வுல்ஃபும் அவரோடு இருந்தவர்களும் அவனைச் சின்னச் சின்னப் படிகளாகக் கண்ணாடிக்குப் பழக்கினார்கள். முதலில் மிட்டாய்த் துண்டும் பழத்துண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அது போதவில்லை. பிறகு சாப்பாட்டையே வாய் வாயாகக் கூலி ஆக்கினார்கள். கடைசியில் டிக்கி கண்ணாடி போட்டான், பார்வையும் தப்பியது. பார்வையைக் காப்பாற்றியது சரிதானே என்று ஒரு மனசு கேட்கும், பசியை வைத்தா என்று இன்னொரு மனசு கேட்கும். இந்தத் துறையின் வரலாறு முழுக்க இந்த இரண்டு மனசும் கூடவே வருகின்றன.

அடுத்த வருஷம், 1965 மே மாதம், 'லைஃப்' பத்திரிகை லாஸ் ஏஞ்சலஸில் இவார் லோவாஸ் நடத்திய சிகிச்சையைப் படங்களோடு வெளியிட்டது. தலைப்பிலேயே அலறல், அறை, அன்பு மூன்றும் இருந்தன. சொன்னதைச் செய்தால் வாயில் ஒரு கவளம், செய்யாவிட்டால் அதட்டல், அறை, சில நேரம் தரையில் பாய்ந்த மின்சாரம். 1973-ல் ஃபாக்ஸ், அஸ்ரின் இருவரும் வேறொரு வழியை வெளியிட்டார்கள். பொருட்களை வாயில் வைக்கும் குழந்தைக்குக் கிருமிநாசினி தொட்ட பிரஷ்ஷால் பல்லைத் தேய்த்துவிடுவது, தலையை ஆட்டும் குழந்தையின் தலையைப் பிடித்துச் சொன்ன திசையில் அசைக்க வைப்பது, இப்படி. லோவாஸின் புகழ்பெற்ற 1987 ஆய்வில் வாரத்துக்கு 40 மணி நேர சிகிச்சை பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளி வகுப்பில் தேறினார்கள் என்று சொல்லப்பட்டது. உலகமெங்கும் பெற்றோர்கள் ஏபிஏ என்ற மூன்றெழுத்தைத் தேடி ஓடியதற்கு அந்த 9 ஒரு பெரிய காரணம். அதே ஆய்வில் உரத்த "நோ"-வும் தொடையில் அடியும் சிகிச்சையின் பகுதியாக இருந்தன என்பது அந்த எண்ணிக்கை அளவுக்குப் பரவவில்லை.

*

இவ்வளவு செய்தும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நின்றன? அதற்கான விடையைப் புரிந்துகொள்ள கோவில்பட்டி ஒரு நல்ல இடம்.

இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று வானம் பார்த்த பூமியில் விவசாயம் கைவிட்ட வருஷங்களில் வீட்டு அடுப்பை எரியவைத்தது அந்த ஆபீஸ்தான். பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. எல்லாமே ஒரே அசைவைப் பல ஆயிரம் தடவை செய்கிற வேலை. எத்தனை அடுக்கினாயோ அத்தனைக்குக் காசு. குழந்தைகளும் அதைச் செய்தார்கள். சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தக் கைகளைத்தான் காட்டுகிறது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லும்வரை, அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், அந்தக் கைகள் அசைந்துகொண்டுதான் இருந்தன. அன்றைக்கு அந்த அசைவைக் குறைக்கணும் என்று எந்தச் சிகிச்சையாளரும் வரவில்லை. வெளியிலிருந்து கூலி வரும் வரைக்கும் அதற்கு வேலை என்று பெயர்.

கையை உதறும் குழந்தைக்கு வெளியிலிருந்து யாரும் கூலி தருவதில்லை. அதன் கூலி அந்த அசைவுக்குள்ளேயே இருக்கிறது. தட்டு சுற்றும்போது வரும் சத்தம், விரல்களுக்கு நடுவே உடையும் வெளிச்சம், ஆடும்போது உடம்புக்குக் கிடைக்கும் தாளம். நடத்தை விஞ்ஞானிகள் இதைத் தானே நிகழும் வலுவூட்டல் என்பார்கள். நம்ம பாஷையில் செயலே கூலி. இதை நிறுத்தினா முட்டாய் தாரேன் என்று வெளியாள் ஒருவர் சொல்லும்போது, அவர் குழந்தை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் கூலியோடு போட்டி போடுகிறார். பல நேரம் தோற்றுப்போகிறார். தோற்ற கோபத்தில்தான் அடியும் அதட்டலும் வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆர்னால்ட் ரின்கோவர் என்ற ஆய்வாளர் 1970-களின் கடைசியில் இதை வேறு மாதிரி யோசித்தார். மேசைமேல் தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு சிறுவனின் மேசையில் கம்பளம் விரித்தார். தட்டு சுற்றியது, சத்தம் வரவில்லை. சிறுவன் சுற்றுவதை விட்டுவிட்டான். ஆக அவனுக்கு வேண்டியிருந்தது சத்தம். அடுத்த படியாக அவனுக்குச் சத்தம் தரும் இசைப்பெட்டியைக் கொடுத்தார்கள். அவன் அதை வைத்து விளையாட ஆரம்பித்தான். கம்பளம் மட்டும் போட்டிருந்தால் அது கூலிவெட்டு. இசைப்பெட்டி வந்த பிறகுதான் கதை திரும்புகிறது. 1982-ல் ஜூடித் ஃபாவெலும் அவருடன் இருந்தவர்களும் இதைக் காயம்வரை கொண்டுபோனார்கள். கண்ணைக் குத்திக்கொள்பவர்களுக்குக் கண்ணுக்கு விருந்தான பொம்மைகள், கையை வாயில் வைத்துப் புண்ணாக்குபவர்களுக்கு வாயில் வைக்கத் தகுந்த பொருட்கள். யாரையும் தண்டிக்காமலே காயம் குறைந்தது.

அதே 1982-ல் பால்டிமோரில் பிரையன் இவாட்டாவின் குழு இன்னொரு கேள்வியைச் சோதனை ஆக்கியது. இந்தக் குழந்தை ஏன் தன்னை அடித்துக்கொள்கிறது? யாராவது ஓடிவருவார்கள் என்றா, கஷ்டமான வேலையிலிருந்து தப்பிக்கவா, அந்த உணர்வுக்காகவேவா? காரணம் ஆளுக்கு ஆள் வேறு என்று தெரிந்தது. காரணம் தெரியாமல் கொடுக்கும் பண்டம் குருட்டாம்போக்கு. (இதில் இன்றைக்கும் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. பேச்சு வராத குழந்தை தலையில் அடித்துக்கொண்டால் முதலில் காதையும் பல்லையும் பார்க்கணும். அது வலியாக இருக்கலாம்.)

*

குழந்தைக்குப் பிடித்தது எது என்று யார் சொல்வது? ரொம்ப காலம் பெரியவர்கள்தான் சொன்னார்கள். 1985-ல் கேரி பேஸும் அவர் குழுவும் பேச்சு வராத, ஆழ்ந்த அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஆறு பேர் முன்னால் 16 பொருட்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். கை எதை நோக்கி நீளுகிறது என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். 1988-ல் இன்னொரு குழு, பராமரிப்பாளர்கள் "இவருக்கு இதுதான் பிடிக்கும்" என்று சொன்னதையும், அந்த ஆளின் கை உண்மையில் நீண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டும் பொருந்தவில்லை. தினமும் கூடவே இருப்பவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. 1992-ல் வேய்ன் ஃபிஷர் குழு இரண்டிரண்டு பொருளாக வைத்து ஒன்றை எடுக்கச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. பேச முடியாத ஒருவரிடம் "உனக்கு எது வேணும்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதை எழுதியும் வைத்த முறை இது. பெயர் வறட்சியாக இருக்கிறது, விருப்ப மதிப்பீடு. எனக்கு இந்த வரலாற்றில் ஆகப் பெரிய மரியாதை இதன்மேல்தான்.

1993-ல் திமோதி வோல்மர், இவாட்டா குழுவினர் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள். அடித்துக்கொண்டால் கவனிப்புக் கிடைக்கும் என்று பழகியவர்களுக்கு, அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கடிகாரப்படி கவனிப்பைக் கொடுத்துவிட்டார்கள். எதையும் செய்து காட்டத் தேவையில்லை. அடித்துக்கொள்வது குறைந்தது. பொருட்களோடும் இதே வழி பின்பற்றப்பட்டது: பிடித்த பொருளை நிபந்தனையில்லாமல் கையிலேயே விட்டுவிடுவது. 2000-ல் கேத்லீன் பியாட்சா குழு, திரும்பத் திரும்பச் செய்யும் செயல் தரும் அதே உணர்வைத் தருகிற பொருளும் வெறுமனே பிடித்த பொருளும் ஒன்றா என்று மூன்று குழந்தைகளிடம் சோதித்தது. அதே உணர்வைத் தருவதே நன்றாக வேலை செய்தது. 2003-ல் ஜானா லிண்ட்பெர்க், இவாட்டா முதலானோர் நேரத்தைச் சோதித்தார்கள். பத்து நிமிஷத்துக்கு அற்புதமாக வேலை செய்த ஒற்றைப் பொருள் இரண்டு மணி நேரத்தில் சலித்துப்போகிறது. பல பொருட்கள் இருந்தால் பலன் நிற்கிறது. எந்தக் கரிசல் ஆச்சிக்கும் தெரிந்ததுதான் இது. ஒரே கிலுக்கை வைத்து ஒரு பிள்ளையை எவ்வளவு நேரம் சமாளிக்க முடியும்?

இப்படியாக விஞ்ஞானம் 'நிறுத்துனா தாரேன்' என்பதிலிருந்து கிளம்பி 'இந்தா வச்சுக்க' என்ற இடத்துக்கு வந்தது. கருணையால் மட்டும் வரவில்லை, சோதித்துப் பார்த்து வந்தது. அதனால்தான் அந்த முடிவுக்குக் கூடுதல் எடை.

*

ஆனால் பாதை நேராக இல்லை. 1990-ல் மார்ஜரி சார்லப் குழு, குழந்தைகளுக்கு இருக்கும் தீராத ஈடுபாடுகளையே, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களையே, பாடத்துக்கான பரிசாக்கிப் பார்த்தது. சரியாகப் பதில் சொன்னால் உனக்குப் பிடித்த அந்தப் பொருள் கொஞ்ச நேரம் உன்னிடம். தின்பண்டத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. குழந்தைகள் நிறையக் கற்றார்கள், பயந்தபடி அந்தச் செயல்கள் மற்ற நேரங்களில் பெருகவும் இல்லை. கெட்டிக்கார யோசனை. இன்றைக்குத் தெரபி வகுப்புகளில் பெற்றோர்களுக்குச் சொல்லித்தரப்படும் ஒன்றும் இதன் நீட்சிதான்: பிடித்த பொம்மையை வீட்டில் எடுத்து உயரத்தில் வைங்க, வகுப்பில் மட்டும் கொடுங்க, அப்பதான் அதுக்கு மதிப்பு இருக்கும்.

இந்த இடத்தில் எனக்குக் கி. ராஜநாராயணனின் 'கதவு' ஞாபகம் வரும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல்காரர் அவர். அந்தச் சிறுகதையில் வரும் குழந்தைகளுக்கு ஆட்டிசம் எதுவும் இல்லை, ஏழ்மைதான். அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் கிடையாது, வீட்டுக் கதவு மட்டும் இருக்கிறது. அதில் ஏறி முன்னும் பின்னும் ஆடுவார்கள், பஸ் என்பார்கள், தெருவில் கண்டெடுத்த தீப்பெட்டிப் படத்தை ஒட்டி அழகு பார்ப்பார்கள். தீர்வை பாக்கிக்காக ஊர் அதிகாரம் ஒருநாள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறது. நியாயம் கேட்டால், பாக்கியைக் கட்டு, கதவை எடுத்துக்கோ என்பார்கள். கணக்குச் சரிதான். படித்துவிட்டு நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஒரு குழந்தைக்கு உலகத்திலேயே பிடித்தது ஒரு காற்றாடி என்றால், அதை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு, பத்து கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டு நிமிஷம் தருவேன் என்பது ஜப்திக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பரிசு கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. புதுசாக ஒரு மிட்டாய், புதுசாக ஒரு விளையாட்டு, வேலை முடிந்ததும் கிடைக்கட்டும், எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் வளர்கிறார்கள். ஏற்கெனவே குழந்தையுடையதாக இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு தவணையில் திருப்பிக் கொடுப்பது வேறு சமாசாரம்.

இதை வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். ஆட்டிசம் உள்ள அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா பாஸ்கம், கையை அசைக்காதே என்று சின்ன வயதில் கைகள் பிடித்து அமுக்கப்படுவதைப் பற்றி 2011-ல் எழுதினார். அடுத்த வருஷம் ஆட்டிசம் உள்ளவர்களின் எழுத்துகளாலேயே ஆன ஒரு தொகுப்பு வந்தது, கைகள் சத்தமாகப் பேசட்டும் என்ற பொருள்படும் தலைப்போடு. 2019-ல் ஸ்டீவன் காப் முதலானோர் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டிம்மிங் என்று அவர்கள் அழைக்கும் இந்த அசைவுகள் பதற்றத்தைத் தணிக்கின்றன, தாங்கமுடியாத சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்க உதவுகின்றன, சில நேரம் வெறும் சந்தோஷம். அவர்களுக்கு வலித்தது ஊர் பார்க்கிற பார்வை.

அப்படியானால் எதைக் குறைப்பது, எதை விட்டுவிடுவது? கண்ணைக் குத்துகிற விரலை, மண்ணையும் ஆணியையும் விழுங்குகிற வாயை விட்டுவிட முடியாது. அங்கே பொருத்தமான பொருளைக் கையில் கொடுத்துவிடும் இந்த முறை உயிரைக் காப்பாற்றும். கையை உதறுகிற குழந்தைக்கு? அங்கே யாருக்கு என்ன தொந்தரவு என்று முதலில் கேட்டுக்கொள்ளணும். பதில் "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்றால், சிகிச்சை தேவைப்படுவது பார்க்கிறவர்களுக்கு.

*

நம்ம ஊரில் இந்தப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005-லிருந்து இருக்கிறது, கோவில்பட்டியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் என்றால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம். 2013-ல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு தேடவேண்டிய குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. தமிழில் யெஸ். பாலபாரதி தொடர்ந்து இதைப் பற்றி எழுதிவருகிறார், அவருடைய 'துலக்கம்' நாவலில் மையமே அப்படி ஒரு பையன்தான்.

வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கு கரிசல்காட்டுக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் இந்த வரலாற்றில் மிக உருப்படியான பகுதிக்கு அவ்வளவு செலவு இல்லை. இரண்டு பொருளைப் பிள்ளை முன்னால் வைக்கணும், கை எதற்குப் போகிறது என்று பார்க்கணும், ஒரு நோட்டில் எழுதணும், அடுத்த ஜோடியை வைக்கணும். சுற்றுவது பிடிக்கிற பிள்ளைக்கு ஓலைக் காற்றாடி, பம்பரம், நுங்கு வண்டியின் சக்கரம். சத்தம் பிடிக்கிற பிள்ளைக்குப் பனையோலைக் கிலுக்கு. அடுக்குவது பிடிக்கிற பிள்ளைக்குக் காலித் தீப்பெட்டிகள். சின்னப் பொருட்களை விழுங்குகிற பழக்கம் இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும் மட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். காயம் உண்டாக்குகிற பழக்கம் என்றால் ஆஸ்பத்திரியையும் தெரிந்த சிகிச்சையாளரையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்பக்கூடாது.

கானரின் முதல் குழந்தை டொனால்ட் ட்ரிப்ளெட் 2023-ல் 89 வயதில் இறந்தார். சொந்த ஊர் வங்கியில் பல வருஷம் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் ஊராகப் பயணம் போனார். வசதியான குடும்பம், அது நிறைய உதவியது. அதோடு அவரைத் தெரிந்த ஒரு சின்ன ஊர் இருந்தது, அவருடைய விசித்திரங்களுக்கு அந்த ஊர் பழகிக்கொண்டது. அதுக்கு ஈடாக எதையும் செய்து காட்டச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கோவில்பட்டியும் ஒரு சின்ன ஊர்தான். கையை உதறியபடி கடலைமிட்டாய்க் கடை முன்னால் நிற்கிற பிள்ளைக்கு, கையைக் கட்டி நில்லு என்று சொல்லாமல் ஒரு துண்டை உடைத்து நீட்ட இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.